பெட்டிக் காவல்

ஊர்விட்டு ஊர் வந்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பியூலா நர்ஸாகச் சேர்ந்த அன்று, விடுதி அறை தயாராகவில்லை. பூட்டிய பெட்டியை வார்டு மூலையில் வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். விட்டுவந்த வீட்டில், டியூட்டி முடிந்து அவள் திரும்பும்போதெல்லாம் கணவன் அவளுடைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டித் துழாவுவான்.

மாலையில் வந்து பார்த்தால், பெட்டியருகே அந்த வார்டு நோயாளியான ஒற்றைக்கால் ஹவில்தார் முனிரத்தினம் ஊன்றுகோலோடு விறைப்பாக நின்றிருந்தார்.

“காலையிலேர்ந்து ஆள் மாத்தி ஆள் காவல் நிக்கிறோம் சிஸ்டர்.”

“உள்ள என்ன இருக்குன்னு யாருமே கேக்கலையே?”

“காவலுக்கு நிக்கிறவனுக்கு அது எதுக்கு?”

பியூலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியைக் கழற்றிப் பூட்டில் மாட்டினாள். அதை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போனாள்.