கண்ணில்லாத பதினைந்து

செப்டம்பர் 9, செவ்வாய். ஒரு சிறு தவறு. நேற்றைய எண்ணிக்கையில் பதினைந்து கூடுதலாக எழுதிவிட்டேன்.

நோட்டில் எழுதிய ‘சிறு’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தாள்.

அவளுடைய மாலை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. பெஞ்சின்மேல் ஊறுகாய் பாட்டில். அதற்குள் கடல்நீர். குஞ்சுகள் வந்து ஒட்டட்டும் என்று பாறையடியில் கட்டிவைத்த கயிற்றுக் கொத்திலிருந்து, மீன்வள அலுவலகக் கணக்குக்காக அவள் நேற்று உதறி எடுத்த சிங்கி இறால் குஞ்சுகள்.

விரற்கணு அளவு. கண்ணாடிபோல ஊடே தெரியும். கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

பதினைந்துக்குப் புள்ளி இல்லை.

அவை குஞ்சு வளரும்போது கழற்றிப்போட்ட தோடு. காலும் மீசையும் அப்படியே இருக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை.

அவள் உடம்பை எண்ணியிருக்கிறாள். கண்ணை எண்ணவில்லை.

இருபத்தாறு என்று காலையிலேயே மீன்வள அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது. இருபதுக்குக் கீழே போனால் அந்தப் பாறையில் ஓராண்டு யாரும் வலை போடக் கூடாது.

உண்மையில் பதினொன்று.

போன ஆண்டு இதே மாதம் எழுபது. இப்போது பாறையில் பாதி மணலுக்குள் கிடக்கிறது.

எண்ணும்போது உடனிருந்தவர் படகுக்காரர் சிலுவையடிமை. அவரைப் போனில் கூப்பிட்டாள்.

“தோடுன்னு அப்பவே தெரியும் மக்களே. நீ எண்ண எண்ண நான் வாயத் தொறக்கல்ல. பாறைய அடைச்சா ஒனக்க அண்ணன் எங்க போயி வல போடுவான்?”

வகுப்பில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் அண்ணன் பெர்க்மான்ஸ் புது வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். விடியுமுன் அந்தப் பாறைக்குத்தான் போகிறான். அவனுக்கு வேறு பாறை தெரியாது.

“எங்க ஆபீசரம்மா வந்தாச்சு! இருபத்தாறாமே? இன்னும் ஒரு பத்து கூட்டி எழுதினா கை தேஞ்சா போவும்?”

அண்ணி சிரித்தாள்.

அவளும் சிரித்தாள். சிரித்தது தனக்கே கேட்டது.

எழுதிக் கொடுத்ததை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. கண்ணில்லாத பதினைந்தையும் வாசல் மணலில் கொட்டினால், அடுத்த நொடி மணலுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

பாட்டிலின் மூடியை இறுக்கி, சாக்குப்பைக்குள் வைத்தாள்.

நோட்டைத் திறந்தாள்.

நாளை:

‘அண்ணனிடம் சொல்வது’ என்று முதலில் எழுதினாள். முதலில் அவனிடம் சொன்னால் அலுவலகத்துக்குப் போகவே மாட்டோம் என்று எழுதியதும் தெரிந்தது. அடித்தாள்.

1. பத்து மணிக்கு மீன்வள அலுவலகம். எண்ணிக்கை பதினொன்று என்று திருத்திக் கையெழுத்துப் போடுவது.

2. அண்ணன் கரைக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, அவனிடம் சொல்வது.