வாழத் தகுந்த வீடு

“தங்கச்சி, கோவிச்சுக்காத லா. இப்பத்தான் போன் போட்டுக் கேட்டேன். இந்தியருங்களுக்கு வீடு கிடையாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு.”

வீட்டுத் தரகர் தனபாலன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார். புக்கிட் காத்திலில் உஷாராணி பார்க்கும் ஒன்பதாவது வீடு இது. சனிக்கிழமைக்குள் ரப்பர் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இடிக்கிற இயந்திரம் வந்து அங்கே கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் சீவிய அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“அப்புறம் எதுக்குண்ணே வரச் சொன்னீங்க?”

“போன்ல இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டுனியா, சீனப் பிள்ளைன்னு நெனச்சிட்டேன்.”

“யாரு வீட்டுக்காரரு?”

“சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. சாம்பிராணி போட்டா சுவரு கறுத்துடுமாம், மீன் கறி வச்சா வாடை போகாதாம். நம்மாளுங்கன்னா அவனுக்கு அவ்வளவு எளக்காரம். நான் என்ன செய்ய? ஆமா, நீ என்ன வேலை பார்க்குற?”

“யூனிவர்சிட்டியில ஆராய்ச்சிண்ணே. வேற நட்சத்திரங்களைச் சுத்துற கிரகத்துல மனுசன் வாழ முடியுமான்னு தேடுறோம்.”

தனபாலன் வயிறு குலுங்கச் சிரித்தார். “அடி ஆத்தே! பூமியில வீடு கிடைக்கல, வானத்துல தேடுறியா? அங்க எத்தன மாசம் டெபாசிட்? என் மகன் கவிநேசனும் இப்படித்தான், ராக்கெட்டு ராக்கெட்டுன்னு திரியுறான். சரி, அம்புட்டு தூரத்துல இருக்குறது கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நட்சத்திரத்துக்குக் குறுக்க போறப்ப வெளிச்சம் துளியூண்டு மங்கும். அதை வச்சே பிடிச்சிடுவோம்.”

“பலே! பார்க்காமலே கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி!”

உஷாராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் நிலையருகே கால் நின்றது. அவசரமாக அடித்த வெள்ளைச் சாயத்துக்கு அடியில் மஞ்சளும் குங்குமமும் பொட்டுப் பொட்டாய் மங்கித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, பிள்ளையை நிறுத்தி உயரம் அளந்த பென்சில் கோடுகள்.

அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

“உங்க சீனத் தவுக்கே தமிழ் நல்லா எழுதுறாருண்ணே.”

தனபாலனின் விரலில் சாவிக்கொத்து நின்றது.

கோடுகளுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘கவிநேசன், ஏழு வயசு. கவிநேசன், எட்டு வயசு.’