விடியற்காலை போன்

விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. வேலைவாய்ப்பு மைய மேடம்தான். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததோடு விடாமல், மூன்று மாதம் தினமும் எழுப்பிவிடுவது அந்த மையத்தின் புது ஏற்பாடு.

"எழுந்தாச்சா?"

"நாலு வருஷம் வீட்டுல கிடந்த உடம்பு, மக்கர் பண்ணுது மேடம். நேத்து லாண்டரியில வெள்ளை பெட்ஷீட்டோட சிவப்புத் துணியைப் போட்டுட்டேன். சூப்பர்வைசர் வறுத்து எடுத்துட்டார். வேலையை விட்டுடறேன்."

"விடறதை நாளைக்கு வெச்சுக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க."

"உங்களுக்கென்ன, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு சுலபமா சொல்லிடுவீங்க."

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏழு வருஷம் வேலையில்லாம இருந்துட்டு, போன வாரம்தான் இங்க சேர்ந்தேன். நேத்து நானும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு எங்க மேனேஜர் போன் பண்ணி எழுப்பினார். இதையேதான் சொன்னார்."

அவன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான்.

"நாளைக்கு அவரைத் தூங்கச் சொல்லுங்க மேடம். உங்களை நான் எழுப்பறேன்."