அசல் தலைவர்

சூளை முதலாளி ஒரு நகல் இயந்திரம் வாங்கினார். ஒரு செங்கல்லைப் போட்டால் இரண்டாக வரும். சுமப்பதற்கோ பழைய கழுதைகள்தான்.

கழுதைகள் சங்கம் கூடியது. "பாதிச் சுமைதான் தூக்குவோம். முதலாளியிடம் நானே முன்னால் நின்று சொல்வேன்!" என்று கர்ஜித்தார் தலைவர் கொம்பையா. அந்த வேகத்தில் பின்னால் இருந்த இயந்திரத்துக்குள் விழுந்தார். வெளியே இரண்டு கொம்பையாக்கள் வந்தார்கள். அதே காது, அதே கனைப்பு.

தலைவருக்கான மாலை வந்தது.

"எனக்குப் போடுங்க. நான்தான் அசல்!"

"போடா நகலே! சங்கம் கண்டவன் நான்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மாலையையும் ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

மறுநாள் முதலாளி மூங்கில் கழியோடு வந்தார். "பாதிச் சுமை கேட்ட தலைவன் எவன்டா?"

"இவர்தாங்க அசல். நான் வெறும் நகல்" என்றார் ஒரு கொம்பையா.

"ஐயையோ, தோழர் அடக்கமா பேசுறார். நான்தாங்க நகல்" என்றார் மற்றவர்.

முதலாளி குழம்பி நின்றார். முதுகெல்லாம் புண்ணாயிருந்த வெள்ளச்சி என்னும் கழுதை முன்னால் வந்தாள்.

"ரெண்டுமே நகல்தாங்க. கேட்டது நான்" என்று சொல்லி, முதுகிலிருந்த செங்கற்களில் பாதியைக் கீழே சரித்தாள்.

கழி உயர்ந்தது. கொம்பையாக்கள் இருவரும் எட்ட நின்று ஒரே குரலில் முழங்கினார்கள்:

"தோழர் வெள்ளச்சிக்கு வீரவணக்கம்!"

"நான் இன்னும் சாகலைடா!" என்றாள் வெள்ளச்சி.