ஓடைக்குத் திரும்பிய மீன்

“நம்ம ஓடை மீனேதான்! நல்லா பார்த்துக்கோ!”

தூண்டிலில் துள்ளிய டிரவுட் மீனை அப்பா மகளிடம் நீட்டினார். மகள் மீன்வளத் துறையில் அதிகாரி. லீவுக்கு வந்திருந்தாள்.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் ரோஸ் நிறப் பட்டை. வால் முழுக்கக் கரும்புள்ளி. பண்ணையில் வளர்க்கிற வானவில் டிரவுட்! சிமெண்ட் தொட்டியில் உரசி உரசித் துடுப்பெல்லாம் தேய்ந்திருந்தது.

அவள் சின்ன வயதில் இங்கே இருந்தது பழுப்பு டிரவுட். சிவப்புப் பொட்டும், அதைச் சுற்றி வெளுத்த வளையமுமாக அத்தனை அழகு. கூழாங்கல் மேல் தண்ணீர் ஜில்லென்று ஓடும். கால் மரத்துப்போகிறவரை அப்பா, அண்ணன், அவள் மூவரும் இறங்கி நிற்பார்கள். அம்மா துண்டும் கையுமாகக் கரையில் நின்று திட்டுவாள். அந்த நாளெல்லாம் இனி வருமா?

இப்போது தண்ணீர் வெதுவெதுப்பு, அடியில் சேறு. இதில் டிரவுட் எங்கே தங்கும்?

திரும்பினாள். பின்னால் நின்ற அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

அப்பா தள்ளிப் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“பண்ணையில வாங்கி விடுறியா?”

“மெதுவா பேசுடி. அவர் வர்றதுக்கு முன்னாடி டிரம்ல கொண்டுவந்து விட்டுடுவேன்.”

“பெத்த அப்பா காதுலயே பூ சுத்துறியே, வெட்கமா இல்ல?”

“அம்மா போனதுலேர்ந்து சுவத்தைப் பார்த்துப் படுத்தே கிடந்தாருடி. ஓடையில மீன் திரும்பி வந்திருக்குன்னு சும்மா சொல்லிப் பார்த்தேன். அன்னைக்கே தூண்டிலோட கிளம்பிட்டாரு. என்னை என்ன பண்ணச் சொல்ற?”

பொய் பொய்தானே? அவளுக்கு மனசு கேட்கவில்லை. நேரே அப்பாவிடம் போனாள்.

“அப்பா, ஒண்ணு சொல்வேன். வருத்தப்படக் கூடாது. இந்த மீன்...”

“பண்ணை மீன்தானே? முதல் நாளே தெரியும்.”



“அப்புறம் எதுக்குப்பா தினமும் வந்து நிக்கிறீங்க?”

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா போனப்புறம் உங்க அண்ணன் அறையை விட்டே வரலம்மா. யார்கிட்டயும் ஒரு பேச்சு இல்ல. மீன் வந்திருக்குன்னு அன்னைக்குத்தான் வாயைத் திறந்தான். எனக்கு முட்டி வலி உயிர் போகுது. ஆனா நான் தூண்டிலைத் தூக்கினாத்தானே, அவன் வெளிய வருவான்?”