வழியனுப்பும் கண்ணீர்

வெள்ளைப் பேருந்து உறுமியதுதான் தாமதம், அநாதைப் பிள்ளைகளின் கடலோர முகாம் வாசலில் ஒரே அழுகை. பேருந்தைச் சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கதறினார்கள். யுஸ்தீனாவின் கண்கள் மட்டும் வெயிலில் கவிழ்த்த தட்டு மாதிரிக் காய்ந்து கிடந்தன.

கெய்ரோ தேவாலயச் சேவைக் குழுவோடு வந்திருந்த மதாம் நெர்மீன் அந்தக் கண்களையே உற்று உற்றுப் பார்த்தாள். ஒரு வாரமாக இந்தக் குழந்தைக்குத்தான் தலை வாரினாள், மீனில் முள் எடுத்து ஊட்டினாள், புதுச் செருப்பு நனைய நனையக் கடலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது படம் எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தாள் என்றாலும், செய்தது செய்ததுதானே.

அதுவும், தேடி வந்து ஒட்டிக்கொண்ட பிள்ளை. முதல் நாள் பெட்டியை இறக்கும்போதே ஓடிவந்து, "ஆன்ட்டி, நீங்க எந்த பஸ்ஸு?" என்று கேட்டது.

"நீலம்டி தங்கம். ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டது. ஆண்டவரே காட்டிய பிள்ளை என்று நெர்மீன் அன்றைக்கே கெய்ரோவில் இருந்த கணவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இப்போது பக்கத்தில் மதாம் எவெலீனின் கழுத்தில் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டு விம்மின. போன வருடமும் இப்படித்தான். அதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கோயில் கூடத்தில் மாட்டினார்கள். எவெலீன் சேவைக் குழுவின் தலைவி ஆனாள். வெள்ளிக்கிழமை தோறும் பூசை முடிந்து நெர்மீன் அதைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும்.

இந்த வருடத் தலைவி யாரென்று பாதிரியார் அபூனா பீஷோய் ஊர் திரும்பியதும் அறிவிக்கப் போகிறார். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் தாடியைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார்: "பெரியவங்க பேச்சு பொய் சொல்லும். பிள்ளைங்க கண்ணீரு பொய் சொல்லாது. நான் அதைத்தான் பார்ப்பேன்."

அபூனாவும் கேமராக்காரரும் போவது வெள்ளைப் பேருந்தில். அதுதான் முதலில் கிளம்பும். நெர்மீன் சும்மா இருப்பாளா? காலையிலேயே அதில் இருந்த பல் டாக்டரம்மாவிடம், "நீல பஸ்ஸு குலுக்கல் என் இடுப்புக்கு ஒத்துக்கல, கொஞ்சம் மாறிக்கிறீங்களா?" என்று முனகி இடத்தை வாங்கிவிட்டாள். யுஸ்தீனாவையும் கையோடு இழுத்து வந்து வெள்ளைப் பேருந்தின் படியருகே நிறுத்தியாயிற்று. கண்ணீர்தான் பாக்கி.

"யுஸ்தீனா, ஆன்ட்டி போறேன்டி."

"சரி ஆன்ட்டி. பத்திரமா போங்க."

"இனிமே அடுத்த வருஷம்தான் பார்ப்போம்."

"ஆமா ஆன்ட்டி."

நெர்மீன் கைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினாள். பிள்ளை உறையைத் திருப்பிப் பார்த்தது. "இதுல பால் இருக்கே ஆன்ட்டி. மாதா நோன்பு நடக்குதில்ல? மீன்னா பரவால்ல, பால் ஆகாது. முடிஞ்சதும் சாப்பிடறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அபூனாவின் காதில் விழுந்திருக்குமோ என்று நெர்மீன் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, அவர் இன்னும் தள்ளித்தான் நின்றார்.

"நான் போயிட்டா உனக்குத் தலை வார யாருடி இருக்கா?"

"வியாழக்கிழமை தந்தா ஊர்லேர்ந்து ஒரு குழு வருது ஆன்ட்டி."

எவெலீன் நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்ன நெர்மீன், உன் பிள்ளைக்கு இன்னும் தூக்கம் கலையலையா? பாவம், எழுப்பாத, தூங்கட்டும்."

அபூனா வரிசையாக வந்துகொண்டிருந்தார். அழுகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் சிலுவை போட்டார், கூட நின்ற அம்மாளைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார், கேமரா மின்னியது. எவெலீனிடம் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். அடுத்தது நெர்மீன்தான்.

அவள் மண்ணில் முழங்காலிட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் நெஞ்சு என்ன கல்லா? இங்க அத்தனை பிள்ளைங்களும் பாசத்துல உருகுது. ஒரு வாரமா நாயா உழைச்சேனே, எனக்காக ஒரு சொட்டு வரலையாடி உனக்கு?"

அபூனா அவர்கள் அருகில் வந்து நின்றுவிட்டார். கேமரா உயர்ந்தது.

யுஸ்தீனா மிரள மிரள விழித்தாள். தூரத்தில் நீலப் பேருந்து இன்னும் கிளம்பாமல் நின்றது. அதன் நிழலில் மிச்சப் பிள்ளைகள் கல் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அந்தப் பக்கம் கையை நீட்டி, அபூனாவுக்கும் கேட்கிற மாதிரி, குற்றம் தன்மேல் இல்லை என்கிற குரலில் சொன்னது:

"நீங்கதான் பஸ்ஸு மாறிட்டீங்க ஆன்ட்டி. நான் நீல பஸ்ஸுக்கு அழறவ."