குளிசைப் போத்தல்

ஹவுகன்ஸ்டுவா புறநகரில் ஏழாம் மாடிச் சமையலறை. வெளியே கிடக்கும் பனியில் பட்டுத் திரும்பிய மதிய வெளிச்சம் சுவரெல்லாம் நிற்கிறது. ஒரு வருடமாகத் தான் விழுங்கிய புற்றுநோய்க் குளிசைகளின் கடைசிக் கண்ணாடிப் போத்தலைத் தர்சிகா கழுவி, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டுகிறாள். கணவன் ஜெயரூபன் மடியில் கிட்டாருடன் காத்திருக்கிறான். அமெரிக்கத் தெற்கத்திய ராக் குழுக்களில் சிலர் இப்படியொரு மருந்துப் போத்தலை விரலில் மாட்டித்தான் கம்பிகளில் வழுக்கி வாசிப்பார்கள். அவனுக்கும் அந்தப் பைத்தியம். முந்தைய இரண்டு போத்தல்களையும் கைதவறி உடைத்தவன். ஈரத்தோடே வாங்கி மோதிர விரலில் மாட்டுகிறான். கண்ணாடி கம்பியில் ஏற, நீண்டதொரு ஒலி எழுந்து ஜன்னல்வரை போய்த் தணிகிறது. “இதையும் உடைச்சுப்போடாதேங்கோ,” என்கிறாள் தர்சிகா. “சுகமாயிட்டுது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இனி வேற போத்தல் வராது.”